குரீமு ஷிச்சூ: ஜப்பானிய வெள்ளைக் குழம்பின் வரலாறு

குரீமு ஷிச்சூ என்பது கோழி இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் ஆகியவற்றை வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த மைதாவையும் பாலையும் சேர்த்துக் கெட்டியாக்கிச் செய்யப்படும் ஜப்பானியக் குழம்பு. குளிர்கால மாதங்களில் ஜப்பானிய வீடுகளில் பரவலாகச் சமைக்கப்படுகிறது. காரம் கிடையாது. உப்பும் மிளகும் தவிர வேறு மசாலாப் பொருள் பெரும்பாலும் சேர்வதில்லை. குழந்தைகள் விரும்பி உண்ணும் உணவாகவும், வீட்டின் கதகதப்பை நினைவூட்டும் உணவாகவும் இது கருதப்படுகிறது. ஜப்பானிய அசைவூட்டப் படங்களில் வரும் உணவுக் காட்சிகளைப் பார்த்து வீட்டில் சமைத்துப் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் பரவியபின், ஜப்பானுக்கு வெளியிலும் இக்குழம்பு அறிமுகமாகியுள்ளது.

ஜப்பானியர் இதனை 'யோஷொகு' எனப்படும் மேலைநாட்டுப் பாணி உணவு வகையில் சேர்க்கின்றனர். ஆனால் இதே வடிவில் இக்குழம்பை எந்த மேலைநாட்டிலும் காண முடியாது. பிரான்சின் 'பிளாங்கெட்' என்னும் வெள்ளைக் குழம்பும், அமெரிக்கக் கடலோரத்தின் 'சௌடர்' என்னும் பால் சூப்பும் இதற்கு உறவுமுறை கொண்டவை மட்டுமே. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பாலைப் பெரிதும் பயன்படுத்தாத ஒரு நாட்டில், பாலால் ஆன குழம்பு ஒன்று அம்மாவின் கைமணத்துக்கு அடையாளமானது எப்படி என்பதே இக்குழம்பின் வரலாற்றில் முதன்மையான கேள்வி. அதற்கான விடையில் குடியேற்றம், போர், பசி, வெளிநாட்டு உதவி, உணவுத் தொழில் ஆகிய அனைத்துக்கும் பங்குண்டு.

பெயர்

ஆங்கிலத்தின் 'ஸ்டூ' என்னும் சொல் ஜப்பானிய ஒலிப்புக்கு ஏற்ப 'ஷிச்சூ' ஆனது. கேரளத்திலும் தமிழகத்திலும் தேங்காய்ப்பாலில் செய்யப்படும் 'ஸ்டூ' அல்லது 'இஸ்டு' என்பதும் இதே ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததே. ஜப்பானில் ஷிச்சூ என்னும் சொல் இரண்டு உணவுகளைக் குறிக்கும். ஒன்று, மாட்டிறைச்சியைப் பழுப்பு நிறச் சாற்றில் நெடுநேரம் வேகவைத்துச் செய்யும் 'பீஃபு ஷிச்சூ'. இது உணவகங்களின் வழியே பரவியது. மற்றொன்று இக்கட்டுரையின் பொருளான வெள்ளை ஷிச்சூ. இது பள்ளிகளின் வழியாகவும் வீடுகளின் வழியாகவும் பரவியது.

பால் அருகியிருந்த காலம்

பொ.யு. 675-ஆம் ஆண்டில் பேரரசர் தென்மு ஓர் ஆணை பிறப்பித்தார். ஆண்டின் நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்பதை அது தடை செய்தது. பௌத்த சமயத்தின் செல்வாக்கும், உழவுக்கு உதவும் கால்நடைகளைக் காக்கும் நோக்கமும் இவ்வாணையின் பின்னணியாகச் சொல்லப்படுகின்றன. மானும் காட்டுப்பன்றியும் இத்தடையில் இடம்பெறவில்லை. எனினும் பிற்காலத்தில் நான்கு கால் விலங்குகளின் இறைச்சியை உண்பது தூய்மையற்றது என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

பால் முற்றிலும் அறியப்படாத பொருள் அல்ல. நாரா, ஹெயான் காலங்களில் பாலைச் சுண்டக் காய்ச்சி 'சோ' என்னும் பொருள் செய்யப்பட்டு அரசவைக்கு வரியாக அனுப்பப்பட்டது. அது உயர்குடியினரின் மருந்தாகவும் சிறப்பு உணவாகவும் இருந்தது. அரசவையின் அதிகாரம் தேய்ந்து போர்வீரர் ஆட்சி எழுந்தபோது அவ்வழக்கமும் மறைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் எட்டாம் ஷோகுன் தொக்குகாவா யோஷிமுனே, இந்திய இனமாகக் கருதப்படும் வெள்ளை மாடுகளை வரவழைத்து, இன்றைய சிபா மாநிலத்தில் உள்ள மினெயோக்கா மேய்ச்சல் நிலத்தில் வளர்க்கச் செய்தார். அவற்றின் பாலில் செய்த பொருளும் மருந்தாகவே பயன்பட்டது. எளிய மக்களின் அடுப்புக்குப் பால் வரவில்லை.

மேலைநாட்டுத் தன்மை கொண்ட எதையும் 'பத்தா குசாய்', அதாவது 'வெண்ணெய் நாற்றம் அடிப்பது' என்று குறிக்கும் சொல் இன்றும் ஜப்பானிய மொழியில் வழங்குகிறது. பால் பொருட்களின் மணம் அன்றைய மக்களுக்கு எவ்வளவு அந்நியமாக இருந்தது என்பதை இச்சொல் காட்டுகிறது.

மெய்ஜி கால மாற்றம்

1854-இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் ஜப்பானின் துறைமுகங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. 1859-இல் திறக்கப்பட்ட யோகொஹாமாவில் வெளிநாட்டு வணிகர்கள் குடியேறினர். அவர்களின் தேவைக்காகவே அங்குப் பால் வணிகம் தொடங்கியது. 1868-இல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டபின், மேலைநாட்டினரின் உடல் வலிமைக்கு இறைச்சியும் பாலும் காரணம் என்னும் கருத்து ஆட்சியாளரிடையே பரவியது. வலிமையான படை வேண்டுமானால் உணவு மாற வேண்டும் என்று அவர்கள் கருதினர். 1872 ஜனவரியில் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டார் என்னும் செய்தி நாடெங்கும் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுத் தயக்கம் அரண்மனையிலேயே கைவிடப்பட்டது என்பதே அச்செய்தியின் பொருள்.

அதே 1872-இல் மேலைநாட்டுச் சமையலைக் கற்பிக்கும் இரண்டு நூல்கள் ஜப்பானிய மொழியில் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றை எழுதியவர் நகைச்சுவை எழுத்தாளரான கனகாகி ரோபுன். இரண்டு நூல்களிலும் 'கறி' செய்யும் முறை உள்ளது. இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துச் சென்ற 'கறி', மைதா சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பாக மாறி ஜப்பானை அடைந்திருந்தது. பின்னாளில் வெள்ளை ஷிச்சூவைப் பரப்பிய நிறுவனங்களும் செய்முறையும் கறியிலிருந்தே தோன்றின. ஆதலால் இவ்விரு குழம்புகளின் வரலாற்றையும் பிரித்துப் பார்க்க இயலாது.

மெய்ஜி காலத்திலும் அதற்குப் பின்னும் பால் நகரத்துப் பொருளாகவே இருந்தது. நோயாளிகளும், தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளும், வசதி படைத்தோருமே அதைப் பருகினர்.

ஹொக்கைடோவும் அய்னு மக்களும்

இன்று ஜப்பானியக் கடைகளில் விற்கும் ஷிச்சூப் பெட்டிகளில் பனி மூடிய வயலையும் பசுக்களையும் காணலாம். அப்படங்கள் நினைவூட்டுவது வடதீவான ஹொக்கைடோவை. ஜப்பானின் மொத்தப் பால் உற்பத்தியில் பாதிக்கும் மேற்பட்டது அங்கிருந்தே வருகிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கும் அதுவே முதன்மையான நிலம். இக்குழம்பின் பொருட்கள் அனைத்தும் ஒரே தீவில் விளைவது தற்செயல் அல்ல.

1869-இல் மெய்ஜி அரசு அத்தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயரிட்டு, அதை 'வளர்ப்பதற்கு' ஒரு தனி அலுவலகத்தை அமைத்தது. ரஷ்யா தெற்கே வரக்கூடும் என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணம். 1871-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் தலைவராக இருந்த ஹோரஸ் கேப்ரன் ஆலோசகராக வந்தார். 1873-இல் வந்த எட்வின் டன் என்னும் ஓஹையோ மாநிலத்தவர் மாடு வளர்ப்பையும் பால் பொருட்கள் செய்வதையும் கற்றுக்கொடுத்தார். 1876-இல் சப்போரோ வேளாண் கல்லூரி தொடங்கப்பட்டது. குளிர் மிகுந்த அந்நிலத்தில் நெல் விளைவிப்பது கடினமாக இருந்ததால், அமெரிக்காவின் வடபகுதி வேளாண்மையே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. 1908-இல் கவாதா ரியோகிச்சி என்னும் பிரபு வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பயிரிட்ட உருளைக்கிழங்கு வகை, அவருடைய பட்டத்தை ஒட்டி 'தன்ஷாக்கு', அதாவது 'பிரபு' என்றே பெயர் பெற்றது. இன்றும் ஷிச்சூவில் அதிகம் சேரும் கிழங்குகளில் அதுவும் ஒன்று.

அந்நிலம் வெற்றிடமாக இருக்கவில்லை. அய்னு மக்கள் அங்கு வேட்டையாடியும், ஆறுகளில் சால்மன் மீன் பிடித்தும் வாழ்ந்து வந்தனர். குடியேற்ற அரசு அவர்களுடைய நிலங்களை அரசு நிலமாக அறிவித்தது. மான் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் கட்டுப்பாடுகள் விதித்தது. 1899-இல் இயற்றப்பட்ட 'பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம்' அவர்களை உழவர்களாக மாற்ற முயன்றது. வழங்கப்பட்ட நிலங்களில் பல உழவுக்குத் தகுதியற்றவை. அச்சட்டம் 1997-இல்தான் நீக்கப்பட்டது. பால் பண்ணைகளின் அழகிய காட்சிக்கு அடியில் இவ்விழப்பின் வரலாறு உள்ளது.

குடியேறிய உழவர்களின் வாழ்வும் எளிதாக இருக்கவில்லை. 1923-இல் தோக்கியோ பகுதியைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. பாதிக்கப்பட்டோருக்கு உணவு கிடைக்க வேண்டும் என்பதற்காக, இறக்குமதியாகும் பால் பொருட்களின் தீர்வையை அரசு நீக்கியது. மலிவான வெளிநாட்டுப் பால் பொருட்கள் குவிந்ததால் ஹொக்கைடோ உழவரின் பாலை வாங்க ஆளில்லாமல் போயிற்று. இந்நெருக்கடியில் 1925-இல் உழவர்கள் ஒன்றுகூடிப் பால் கூட்டுறவு ஒன்றை அமைத்துத் தாங்களே வெண்ணெய் செய்யத் தொடங்கினர். அதை முன்னின்று நடத்தியோருள் ஒருவர் குரோசாவா தோரிசோ. அவர் இளமையில் அஷியோ செம்புச் சுரங்க மாசுக்கு எதிராகப் போராடிய தனாகா ஷோசோவின் தொண்டர். அக்கூட்டுறவே பின்னாளில் 'யுகிஜிருஷி' என்னும் பெரும் பால் நிறுவனமாக வளர்ந்தது.

போருக்குப் பிந்தைய பசி

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது நகரங்கள் எரிந்து கிடந்தன. கொரியா, தைவான் ஆகிய குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த அரிசி நின்றது. அந்த ஆண்டின் விளைச்சலும் மிகவும் குறைந்தது. போர்முனைகளிலிருந்தும் குடியேற்ற நாடுகளிலிருந்தும் பல லட்சம் பேர் திரும்பி வந்துகொண்டிருந்தனர். பங்கீட்டு உணவு தாமதமாக வந்தது, போதுமானதாகவும் இல்லை. நகரத்து மக்கள் தங்கள் பட்டு உடைகளை எடுத்துக்கொண்டு நெரிசல் மிகுந்த ரயில்களில் கிராமங்களுக்குச் சென்று, அவற்றைக் கொடுத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி வந்தனர். குழந்தைகளின் வளர்ச்சி குன்றியது.

1946-இல் அமெரிக்காவின் சமயத் தொண்டு அமைப்புகள் பல இணைந்து 'லாரா' என்னும் உதவி அமைப்பை நடத்தத் தொடங்கின. அதன் முதல் கப்பல் 1946 நவம்பர் 30 அன்று யோகொஹாமாவை அடைந்தது. அவ்வுதவியில் கணிசமான பங்கு வட, தென் அமெரிக்க நாடுகளில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் திரட்டியது. பத்திரிகையாளர் அசானோ ஷிச்சினோசுகே இம்முயற்சியில் முன்னின்றார். அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர் போர்க்காலத்தில் அந்நாட்டு அரசால் முகாம்களில் அடைக்கப்பட்டு, வீட்டையும் தொழிலையும் இழந்திருந்தனர். முகாம்களிலிருந்து வெளிவந்த சில மாதங்களிலேயே அவர்கள் ஜப்பானியக் குழந்தைகளுக்காகப் பொருள் திரட்டினர்.

1946 டிசம்பர் 24 அன்று தோக்கியோ, கனகாவா, சிபா ஆகிய பகுதிகளில் சோதனை முறையில் பள்ளி உணவு தொடங்கியது. 1947 ஜனவரியில் அது நாட்டின் பிற நகரங்களுக்கு விரிந்தது. ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் பயன்பெற்றனர். 1949 முதல் யுனிசெஃப் அமைப்பும் பால்பொடி வழங்கியது.

பால்பொடியும் வெள்ளை ஷிச்சூவும்

அவ்வுதவியில் வந்த முக்கியமான பொருள் கொழுப்பு நீக்கிய பால்பொடி. வெண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பாலை உலர்த்திச் செய்வது அது. அமெரிக்காவில் அது தேவைக்கு மேல் குவிந்திருந்தது. விலை குறைவு, நெடுநாள் கெடாது, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆகவே கப்பலில் அனுப்ப ஏற்றது.

ஆனால் சுவை வேறு. பொடியை வெந்நீரில் கரைத்துப் பெரிய பாத்திரங்களில் கொண்டுவந்து அலுமினியக் கிண்ணங்களில் ஊற்றுவர். ஆறினால் மேலே ஆடை படரும். அக்காலத்தில் பள்ளியில் படித்தவர்களின் நினைவுகளில் இப்பாலின் மணம் தவறாமல் இடம்பெறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததாகச் சொல்வோர் பலர். அதே நேரத்தில் அது இல்லாவிட்டால் வளர்ந்திருக்க மாட்டோம் என்று சொல்வோரும் உண்டு.

அப்பொடியைக் குழந்தைகள் முகம் சுளிக்காமல் உண்ணும்படி செய்ய வேண்டியிருந்தது. பள்ளிச் சமையலறையில் கிடைத்த காய்கறிகளுடன் மாவும் பால்பொடியும் சேர்த்துக் கொதிக்கவைத்தபோது வெண்ணிறக் குழம்பு உருவானது. சூடாக இருந்ததாலும், உப்பும் வெங்காயமும் பால்பொடியின் மணத்தை அடக்கியதாலும் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்றைய குரீமு ஷிச்சூவின் நேரடி முன்னோடி இந்த வெள்ளை ஷிச்சூவே என்று பரவலாகக் கருதப்படுகிறது. பிரெஞ்சுச் சமையலின் வெள்ளைச் சாறு ஜப்பானிய உணவகங்களில் முன்பே இருந்தது உண்மை. ஆனால் ஒரு தலைமுறை முழுவதற்கும் பால் குழம்பின் சுவையைப் பழக்கியது பள்ளியே.

1951-இல் அமைதி உடன்படிக்கை கையெழுத்தான காலத்தில் அமெரிக்க அரசின் உதவி நிதி முடிவுக்கு வந்தது. பள்ளி உணவே நின்றுவிடும் நிலை தோன்றியது. பெற்றோரும் ஆசிரியர்களும் அதைத் தொடரக் கோரினர். 1954-இல் பள்ளி உணவுச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் பள்ளி உணவு வறியோர்க்கான உதவி என்னும் நிலையிலிருந்து கல்வியின் ஒரு பகுதி என்னும் நிலைக்கு உயர்ந்தது. ரொட்டி, பால், ஒரு குழம்பு அல்லது பொரியல் என்பதே நெடுங்காலம் அவ்வுணவின் அமைப்பு. சோறு பள்ளி உணவில் முறைப்படி இடம்பெற்றது 1976-இல்தான்.

இவ்வமைப்பைப் பற்றி ஜப்பானில் இருவேறு கருத்துகள் உள்ளன. அமெரிக்கா தன்னிடம் மிகுந்திருந்த கோதுமைக்கும் பால்பொடிக்கும் நிலையான சந்தையை உருவாக்கவே குழந்தைகளின் நாக்கைப் பழக்கியது என்பது ஒரு கருத்து. 1956 முதல் அமெரிக்கக் கோதுமை உற்பத்தியாளர்களின் நிதியில் 'சமையலறைப் பேருந்துகள்' ஊர் ஊராகச் சென்று மாவுணவுச் சமையலைக் கற்பித்தது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. பசித்த குழந்தைக்கு அன்று வேறு வழி இருந்ததா என்பது மறுதரப்பின் கேள்வி. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. உதவியின் பின்னால் வணிக நோக்கம் இருந்தது. உதவி உயிர்களைக் காத்ததும் உண்மை.

பெட்டியில் வந்த குழம்பு

1950-களின் இறுதியிலும் 1960-களிலும் ஜப்பானியப் பொருளாதாரம் விரைவாக வளர்ந்தது. தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றும் நடுத்தர வீடுகளின் 'மூன்று புனிதச் செல்வங்கள்' என்று அழைக்கப்பட்டன. குளிர்பதனப் பெட்டி வந்தபின் புதிய பாலை வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது. பள்ளிகளிலும் பால்பொடியின் இடத்தைப் புதிய பால் படிப்படியாகப் பிடித்தது. பள்ளியில் வெள்ளை ஷிச்சூ உண்டு வளர்ந்த முதல் தலைமுறை இப்போது குடும்பம் நடத்தத் தொடங்கியிருந்தது.

1966-இல் ஹவுஸ் உணவு நிறுவனம் குரீமு ஷிச்சூவுக்கான ஆயத்தக் கலவையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓசக்காவில் 1913-இல் தொடங்கிய அந்நிறுவனம் 1963-இல் வெளியிட்ட இனிப்புச் சுவை கொண்ட கறிக் கலவையின் மூலம் ஏற்கெனவே வீடுகளில் அறிமுகமாகியிருந்தது. கறிக்கும் ஷிச்சூவுக்கும் தேவைப்படும் காய்கறிகளும் இறைச்சியும் ஏறத்தாழ ஒன்றே. செய்முறையும் ஒன்றே. கடைசியில் சேர்க்கும் கலவை மட்டுமே வேறு. வெண்ணெயில் மாவை வறுக்கும் திறன் தேவையில்லை. மாவு கட்டிதட்டும் அச்சமும் இல்லை. கறி சமைக்கத் தெரிந்த எவரும் அன்றே ஷிச்சூ சமைக்கலாம். இந்த எளிமையே அதன் வெற்றிக்கு முதன்மையான காரணம்.

அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, வெண்ணெயும் பால்பொடியும் செய்வதற்கான பாலை விற்கும் உழவர்க்கு அரசு ஈட்டுத்தொகை வழங்க வழிசெய்தது. ஹொக்கைடோவின் பால் பண்ணைகள் பெருகின. 1970-களின் இறுதியில் பால் தேவைக்கு மேல் மிகுந்து, 1979 முதல் உற்பத்தி அளவு கட்டுப்படுத்தப்பட்டது. ஒரு காலத்தில் கப்பலில் வந்த பால்பொடிக்காகக் காத்திருந்த நாடு, முப்பது ஆண்டுகளில் பாலை என்ன செய்வது என்று கவலைப்படும் நிலைக்கு வந்தது. 1996-இல் ஹவுஸ் நிறுவனம் 'ஹொக்கைடோ ஷிச்சூ' என்னும் பெயரிலேயே ஒரு கலவையை வெளியிட்டது. குழம்பும் நிலமும் மக்கள் மனத்தில் ஒன்றாயின.

சோறா, ரொட்டியா என்பது இக்குழம்பைப் பற்றிய தீராத விவாதம். கறியைச் சோற்றின்மேல் ஊற்றி உண்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை. ஷிச்சூவைச் சோற்றின்மேல் ஊற்றுவதைச் சில குடும்பங்கள் இயல்பாகக் கருதுகின்றன, சில குடும்பங்கள் ஒப்புக்கொள்வதில்லை. சோற்றின்மேல் ஊற்றி உண்பதற்கென்றே 2017-இல் ஒரு தனிக் கலவை விற்பனைக்கு வந்தது.

அசைவூட்டப் படங்களில் குழம்பு

ஜப்பானிய அசைவூட்டக் கலையில் உணவுக்குத் தனியிடம் அளித்தவர்கள் தகஹாத்தா இசாவோவும் மியாசாக்கி ஹயாவோவும். தகஹாத்தா 1935-இல் பிறந்தவர். 1945 ஜூனில் ஓக்காயாமா நகரத்தின்மீது நடந்த குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். மியாசாக்கி 1941-இல் பிறந்தவர். நான்கு வயதில் உத்சுனோமியா நகரம் எரிவதைக் கண்டவர். 1941-இன் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகள் தொடக்கப் பள்ளியில் சேர்ந்த ஆண்டு 1947. பள்ளி உணவு நகரங்களில் பரவத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

1974-இல் இவ்விருவரும் பணியாற்றிய ஹைடி தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தது. தகஹாத்தா இயக்கினார், மியாசாக்கி காட்சி அமைப்பை வரைந்தார். ஆல்ப்ஸ் மலையில் ஆட்டுப்பாலும், நெருப்பில் உருகி ரொட்டியின்மேல் படரும் பாலாடைக்கட்டியும் அத்தொடரில் காட்டப்பட்ட விதம் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் நினைவில் பதிந்தது. பால் உணவு என்பது கட்டாயப்படுத்தி ஊட்டப்படும் சத்துப்பொருள் என்னும் நினைவை, ஏக்கத்துக்குரிய இன்சுவை என்னும் கற்பனை மாற்றியது.

1986 ஆகஸ்டில் வெளிவந்த மியாசாக்கியின் 'வானத்துக் கோட்டை லபுதா' படத்தில் குழம்புக் காட்சி ஒன்று வருகிறது. வான்கொள்ளையரின் கப்பலில் இடம்பெறும் ஷீத்தா என்னும் சிறுமி, அழுக்கேறிக் கிடக்கும் சமையலறையின் பொறுப்பை ஏற்கிறாள். முரட்டுக் கொள்ளையர்கள் ஒருவர்பின் ஒருவராக ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அவளுக்கு உதவ வந்து நிற்கின்றனர். அவள் சமைத்த குழம்பை அனைவரும் கூடி உண்கின்றனர். பெற்றோரை இழந்த இரு குழந்தைகளுக்கு அக்கப்பலில் ஒரு குடும்பம் அமைவதை அந்த உணவுவேளை உணர்த்துகிறது. 1984-இல் மியாசாக்கி வேல்ஸ் நாட்டுக்குச் சென்று அங்குச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைக் கண்டார். படத்தின் சுரங்க நகரக் காட்சிகளில் அப்பயணத்தின் பாதிப்பு உள்ளது.

அது என்ன குழம்பு என்று படத்தில் விளக்கப்படுவதில்லை. எனவே ரசிகர்கள் அதை வெள்ளை ஷிச்சூவாகவும் சமைக்கின்றனர், பழுப்பு ஷிச்சூவாகவும் சமைக்கின்றனர். 2017-இல் மித்தாக்காவில் உள்ள ஜிப்ளி அருங்காட்சியகம் தன் படங்களின் உணவுக் காட்சிகளுக்கென்று ஒரு கண்காட்சி தொடங்கியபோது, அந்த வான்கப்பலின் சமையலறையையும் உண்மை அளவில் அமைத்துக் காட்டியது.

சமைக்கும் முறை

நால்வருக்கான அளவு: எலும்பு நீக்கிய கோழித் தொடை 300 கிராம், வெங்காயம் 1, கேரட் 1, நடுத்தர உருளைக்கிழங்கு 3, வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம், பால் 500 மில்லி, தண்ணீர் 400 மில்லி, உப்பு, மிளகுத்தூள். விரும்பினால் ஒரு கைப்பிடி புரோக்கோலி.

கோழியில் உப்பும் மிளகும் தடவிச் சிறிது எண்ணெயில் நிறம் மாறாதவாறு லேசாக வதக்க வேண்டும். வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பெரிய துண்டுகளாக நறுக்கிச் சேர்த்து, தண்ணீர் ஊற்றி, நுரையை நீக்கி, 15 நிமிடம் சிறு தீயில் வேகவைக்க வேண்டும். கிழங்குத் துண்டுகளின் கூரிய விளிம்புகளைச் சீவிவிடுவது ஜப்பானியர் வழக்கம். விளிம்பு மழுங்கியிருந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று உரசி உடையாது.

மற்றொரு பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மைதாவைச் சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை சிறு தீயில் கிளற வேண்டும். நிறம் மாறினால் குழம்பு வெண்மையாக வராது. மாவின் ஒவ்வொரு துகளையும் வெண்ணெய் பூசிக்கொள்வதால், பால் ஊற்றும்போது துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டி ஆவதில்லை. குளிர்ந்த பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் நன்கு கலக்க வேண்டும். சூடேறும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பி, கலவை கெட்டியாகும்.

காய்கள் வெந்தபின் இக்கலவையைக் குழம்பில் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிளறியபடி 5 முதல் 10 நிமிடம் சிறு தீயில் வைக்க வேண்டும். பால் சேர்த்தபின் கொதிக்கவிட்டால் திரிந்ததுபோல் ஆகும். புரோக்கோலியைத் தனியே வேகவைத்துக் கடைசியில் சேர்த்தால் பசுமை மாறாது. ஒரு சிறு கரண்டி வெள்ளை 'மிசோ' எனப்படும் சோயா விழுது சேர்ப்பதும் உண்டு. அது குழம்பின் சுவைக்கு ஆழம் தருவதோடு சோற்றுக்கும் பொருத்தமாக்குகிறது.

வரலாற்று முக்கியத்துவம்

குரீமு ஷிச்சூவைப் பழமையான மரபு உணவு என்று சொல்ல முடியாது. ஒரே நிறுவனத்தின் விளம்பரத்தால் உருவானது என்று ஒதுக்கவும் முடியாது. அய்னு மக்களின் நிலத்தில் வளர்ந்த பசுக்கள், வென்ற நாட்டில் மிஞ்சிய பால்பொடி, முகாமிலிருந்து மீண்டோர் திரட்டிய நன்கொடை, பெயர் தெரியாத பள்ளிச் சமையல்காரர்களின் உழைப்பு, தொழிற்சாலையின் கலவைப் பெட்டி ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உருவான உணவு இது. திரையில் சிறுமி கிளறும் பானையில் ஆறுதலைக் காண்போர், அந்தப் பானையை வரைந்தவர்கள் பசியை அறிந்த தலைமுறையினர் என்பதையும் சேர்த்து அறிந்தால் அக்காட்சியின் பொருள் விரியும்.

2021 டிசம்பரில், பெருந்தொற்றால் தேவை குறைந்து பால் வீணாகும் நிலை ஏற்பட்டபோது, ஜப்பானியத் தலைமை அமைச்சர் கிஷிதா புமியோ மக்களை வழக்கத்தைவிட ஒரு கோப்பை பால் கூடுதலாகப் பருகுமாறும், சமையலிலும் பாலைப் பயன்படுத்துமாறும் கேட்டுக்கொண்டார். முதல் உதவிக் கப்பல் யோகொஹாமாவை அடைந்து அப்போது 75 ஆண்டுகள் ஆகியிருந்தன.